தண்ணி நிக்கிற வரைக்கும்

அக்காவுக்கும் எனக்கும், நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த மறுநாளே சண்டை.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில், ஐந்து குடித்தனங்களுக்கு ஒரே குழாய் இருந்த வீடு அது. அறுபதுகளின் கடைசி. கல்யாணமான சூட்டோடு பெரம்பூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு குடங்களுமாக வந்து இறங்கியிருந்தேன். விடிந்ததும் குழாயடிக்குப் போனால் வரிசையாகப் பாத்திரங்கள் நின்றன, ஆட்கள் யாரையும் காணோம். கடைசியில் என் குடத்தை வைத்துவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் குடம் சுவரோரமாகப் படுத்திருக்கிறது. அது நின்ற இடத்தில் ஒரு பெரிய தவலை. தவலைக்குப் பக்கத்தில், புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, நெடுநெடுவென்று ஒரு பெண்மணி. அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள்தான் அக்கா என்று பிறகு தெரிந்தது.

“கொடத்த வெச்சா போதாது. கொடத்தாண்ட ஆளும் நிக்கணும்” என்றாள்.

வாய் எனக்கும் உண்டு. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் நான். ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் குச்சியில்லாமல் அடக்கி வைக்கிற வாய் அது. மற்ற பாத்திரங்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் நிற்கிறதா என்று கேட்டேன். அவள் என் பெரம்பூரை இழுத்தாள். நான் அவள் தவலையை இழுத்தேன். படிச்ச திமிரு என்றாள். உடம்புத் திமிரு என்றேன். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அவள் கையை ஓங்கி ஏதோ பெரிதாகச் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அவளும் நின்றுவிட்டாள். ஓங்கிய கையை இறக்கி, தவலையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விட்டாள். நான் குடமும் கோபமுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். பத்து மணி வாக்கில் கதவைத் தட்டி ஒரு கிண்ணத்தை நீட்டினாள். சுடச்சுட இறால் தொக்கு.

“புச்சா வந்துகீற. இன்னாத்த ஆக்கியிருக்கப் போறே. இந்தா.”

“காலையில அவ்வளவு பேசினீங்களே” என்றேன்.

“அது கொயாண்ட பேசினது. இது வூடு. அத்த இன்னாத்துக்கு இங்க இட்டாறே?” என்றாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சோக்கா சண்ட போடறே நீ. உனக்கு முன்னால இருந்தவ வாயத் தொறந்தாலே அயுதுடுவா. எனக்கு ரொம்ப பேஜாரா பூட்ச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சண்டையைப் பாராட்டி ஒருவர் தொக்கு கொடுத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

போகப் போக அந்தக் குழாயடிக்கு ஒரு சட்டம் இருப்பது புரிந்தது. யாரும் எழுதி ஒட்டவில்லை. அக்கா இருந்ததால் அது இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். கஸ்மாலம் என்று சொல்லலாம், அதற்கு மேலேயும் சொல்லலாம். ஆனால் குழந்தைகளை இழுக்கக் கூடாது. அங்கே இல்லாத ஆளை இழுக்கக் கூடாது. வீட்டுக்குள் நம்பிச் சொன்னதைக் குழாயடியில் எடுத்து வீசக் கூடாது. தண்ணி நிக்கிற வரைக்கும்தான் சண்டை, நின்றால் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் யாராவது எல்லை மீறினால் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு “ஏய்” என்பாள், அவ்வளவுதான். மற்றபடி அக்காவுக்குச் சண்டை பிடிக்கும். காலையில் ஒன்று போட்டால்தான் அன்றைக்குச் சோறு செரிக்கும் என்று அவளே சொல்வாள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததையெல்லாம் மறுநாள் காலை குழாயடியில் அக்காவின் தலையில் இறக்கி வைப்பேன். அவள் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வட்டியோடு திருப்பித் தருவாள்.

காசிமேட்டுப் பக்கம் இறாலை ஐஸில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கிருந்து கூடையாக வரும் இறாலை வீட்டில் உட்கார்ந்து உரித்துக் கொடுப்பது அக்காவின் பிழைப்பு. வீட்டு நடுவில் இருந்த முற்றத்தில், ஒரு அன்னக்கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவிப் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல் வெளுத்து அரிக்க ஆரம்பிக்கும். அதற்காகப் பக்கத்தில் ஒரு சட்டியில் படிகாரத் தண்ணீர் வைத்திருப்பாள்.

அவளிடம் யாராவது வந்து “அக்கா, உன்னாண்ட ஒரு விஷயம் பேசணும்” என்றால் முகத்தை நிமிர்த்தாமலே சொல்வாள். “நின்னுகினு இன்னா பேச்சு? உக்காரு.” உட்கார்ந்ததும் ஒரு கை இறாலை அள்ளி முன்னால் போடுவாள். அவர்கள் உரிக்க வேண்டும். மாமியார், மருமகள் என்று இரண்டு பேர் வந்தால் இரண்டு பேருக்கும் போடுவாள். வழக்குத் தீர்க்கிறேன் என்று சொல்லி ஊரையே வேலை வாங்குகிறாள் என்று கோடி வீட்டு பாய் கிண்டல் செய்வார். அவருக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு கயிற்றுக் கடையும், அதன் பேரில் தம்பியோடு ஒரு தகராறும் இருந்தன. “ஆமா பாய், நீங்க ஒரு நாளு உங்க தம்பிய இட்டுகினு வாங்க. இன்னிக்கு ரெண்டு கூடை வந்துகீது” என்பாள் அக்கா.

தீர்ப்பு என்று அவள் எதுவும் சொன்னதில்லை. அதுதான் வேடிக்கை. இறால் கையோடு விரலை நீட்டிப் பேச முடியாது. தொடையைத் தட்ட முடியாது. கோபித்துக்கொண்டு விருட்டென்று எழுந்து போகவும் முடியாது, கையைக் கழுவ வேண்டும். எதிராளியின் முகத்தைப் பார்த்தால் இறால் தலையிலிருக்கும் முள் விரலில் ஏறிவிடும். அதனால் குனிந்தபடி, விட்டு விட்டுத்தான் பேச வரும். வாய்க்கு முன்னால் கை போய்க்கொண்டிருக்கும். கூடையின் அடி தெரியும்போது பெரும்பாலும் யாராவது ஒருவர், “சரி, நான் அப்படி நெனைக்கலை” என்று முணுமுணுப்பார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் அந்தக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

அவர் ரயில்வேயில் சரக்கு ஆபீஸ் குமாஸ்தா. வெளுத்த வேட்டியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் மனசு சுருங்கிப்போகிறவர். நான் பிள்ளையுண்டாகியிருந்தபோது வேலையை விடு என்றார். நான் மாட்டேன் என்றேன். வாரக்கணக்கில் நடந்தது. அவர் வீடு கெடுகிறது என்பார், சமையல் கெடுகிறது என்பார், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை வைத்திருந்தேன். பக்கத்துக் குடித்தனத்துக்குக் கேட்கக் கூடாது என்று இரண்டு பேரும் குரலை அடக்கிக்கொண்டு போட்ட சண்டை. அதைவிடக் கொடுமையான சண்டை உலகத்தில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கதவைத் தட்டினாள். “ரெண்டு பேரும் வெளிய வாங்க. சுவுத்துக்கு அந்தாண்ட இன்னா குசுகுசுன்னு? ஒண்ணு கொயாண்ட வந்து கத்துங்க, இல்லாட்டி வந்து உக்காருங்க.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து இறாலைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார். இரண்டாவது இறாலிலேயே முள் ஏறிவிட்டது. விரலைச் சப்பப் போனவரை அக்கா அதட்டினாள். அவர் மேலும் நாலைந்து உரித்துப் போட்டார். பிறகு, தலை குனிந்தபடியே, “எங்க பெரியக்கா இப்படித்தான், ஏழாவது மாசத்துல, கூட்டத்துல பஸ்ஸிலேர்ந்து விழுந்துட்டா” என்றார். “அதுக்கப்புறம் பொழைக்கலை.”

எனக்கு அவருடைய பெரியக்கா இறந்துபோனது தெரியும். எப்படி என்று தெரியாது. இத்தனை வாரம் பேசினோம், எத்தனையோ காரணம் சொன்னார், இந்த ஒன்றைச் சொல்லவில்லை. அவர் பயந்தது என் வேலையைக் கண்டு இல்லை, பஸ்ஸைக் கண்டு. அன்றிலிருந்து பிள்ளை பிறக்கிறவரை காலையும் மாலையும் அவரே என்கூட பஸ்ஸில் வந்தார். எனக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அரண் மாதிரி நிற்பார். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அக்காவுக்கு ஒரே மகன், அந்தோணி. அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கொடி காட்டுகிற வேலை. சரக்கைத் தூக்கு, நிறுத்து, இறக்கு என்று கீழே நின்று கையால் சொல்ல வேண்டும். அவன் மேடையில் பேசும்போதும் அந்தக் கைதான். கல்மண்டபம் பக்கத்தில் இருந்த படிப்பகத்தில் மாதம் ஒரு முறை வாதப் போட்டி வைப்பார்கள். அதில் அந்தோணியை வெல்ல ஆளே இல்லை. அவன் கையை உயர்த்தினால் கூட்டம் கைதட்டும், இறக்கினால் அடங்கும். மேடையில் ஏறிவிட்டால் அந்தச் சந்துப் பேச்சு எங்கே போகுமோ, அவ்வளவு சுத்தமான தமிழில் பொழிவான்.

அக்கா தவறாமல் போவாள். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு மகனுக்கும் கைதட்டுவாள், எதிரணிக்காரன் நன்றாகப் பேசினால் அவனுக்கும் தட்டுவாள். “அம்மா, நீ யார் பக்கம்?” என்று அந்தோணி கோபிப்பான். “சோக்கா பேசினான்டா. அதுக்குத் தட்டினேன்” என்பாள்.

ஒரு தடவை தலைப்பு, கடல் மனிதனுக்குக் கொடுத்தது அதிகமா, எடுத்தது அதிகமா. எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்தோணிக்குக் கொடுத்தது என்று வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தேன். அவளுடைய புருஷன் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். பண்டாரி என்பார்கள். அந்தோணி கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். பர்மாவுக்கு அப்பால் ஏதோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கினார், திரும்ப ஏறவில்லை என்று கப்பல்காரர்கள் வந்து சொன்னார்களாம். செத்தாரா, எங்காவது இருக்கிறாரா, யாருக்கும் தெரியாது. அக்கா தாலியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவும் துணியவில்லை.

அந்தோணி பேசினான். மீன் கொடுத்தது, உப்பு கொடுத்தது, துறைமுகம் கொடுத்தது, துறைமுகத்தால் எங்கள் தெருவுக்குச் சோறு கொடுத்தது என்று அடுக்கினான். எடுத்துக்கொண்டதைக் கணக்குப் பார்ப்பவர்கள் கரையில் நிற்பவர்கள்தான் என்று ஒரு போடு போட்டான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அக்காவும் தட்டினாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா மகனைக் கேட்டாள். “நைனா, நீ சொன்னத்த நீ நம்பறியா?”

“சீட்டு அப்டி வந்துச்சும்மா. மாத்தி வந்திருந்தா மாத்திப் பேசியிருப்பேன்.”

“அப்பயும் ஜெயிச்சிருப்பே?”

“அதுல இன்னா டவுட்டு?” என்று சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அப்போ வூட்ல நீ எதனா சொன்னா, அது நீ சொல்றதா, சீட்டு சொல்றதான்னு எனக்கு எப்டி தெரியும்?” என்றாள். அவன் அதையும் வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டான்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அந்தோணிக்குக் கப்பலில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. பண்டாரிக்குக் கையாள். அப்பா பார்த்த அதே வேலை. அன்று அக்கா முற்றத்தில் உரித்துக்கொண்டிருந்தாள், நான் என் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிலைப்படியில் நின்றுகொண்டே சொன்னான்.

“உக்காரு” என்றாள் அக்கா.

“இதுல உக்காந்து பேசறதுக்கு இன்னா கீது? நேரா சொல்றேன், கேளு.”

நின்றுகொண்டே விரல் விட்டுச் சொன்னான். கொடி காட்டுகிற வேலையில் மேலே போக வழியில்லை. கப்பலில் சம்பளம் கூட. இப்போதுள்ள கப்பல்கள் அந்தக் காலத்துக் கப்பல்கள் இல்லை, கம்பியில்லாத் தந்தி இருக்கிறது. சந்தில் இன்னும் நாலு பேர் கப்பலில்தான் இருக்கிறார்கள், எல்லாரும் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அக்கா ஒன்று சொன்னால் அதை அவள் முடிப்பதற்குள் வாங்கி மடக்கிப் போட்டான். ஒரு கட்டத்தில் அவன் கை தானாகவே உயர்ந்தது. யாரும் கைதட்டவில்லை, முற்றத்தில் நானும் அவளும்தான் இருந்தோம்.

“ஜெயிச்சிட்டே நைனா” என்றாள் அக்கா. “ஆனா நான் ஒத்துக்கலை.”

“எந்தப் பாயிண்ட்ட ஒத்துக்கலை, சொல்லு.”

“பாயிண்ட்டெல்லாம் சரியாத்தான் கீது. நான்தான் ஒத்துக்கலை.”

அவன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். அந்தச் சந்தின் மாதா கோயில் குடும்பங்களில் தாய் நெற்றியில் சிலுவை வரையாமல் யாரும் பயணம் கிளம்பியதில்லை. அக்கா ஒத்துக்கொள்ளாமல் அவன் போக முடியாது, போகாமலும் இருக்க முடியாது. கப்பலுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

அந்த வாரத்தில் ஒரு நாள் குழாயடியில் வெடித்தது. முகம் கழுவ வந்தவனை அக்கா ஏதோ சொன்னாள், அவன் ஏதோ சொன்னான். நாங்கள் எல்லாம் ஒதுங்கி நின்றோம். அம்மாவும் பிள்ளையும் கத்துகிறார்கள், தண்ணீர் நின்றால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது அந்தோணி சொன்னான்.

“உன் வாய்க்கு பயந்துகினுதான் அப்பா எறங்கின எடத்துலயே நின்னுட்டாரு.”

இல்லாத ஆளை இழுத்துவிட்டான்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். பாதி நிறைந்த தவலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் நிற்பதற்கு முன்னால் அவள் சண்டையை விட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன். அந்தோணி முகத்தில் சோப்போடு நின்றுகொண்டிருந்தான். சொன்ன கணமே அவனுக்கும் தெரிந்துவிட்டது, பாவம்.

அதற்குப் பிறகு வீடு வீடாகவே இல்லை. அக்கா எல்லாருக்கும் பின்னால் வந்து தவலையை வைப்பாள். யாராவது முந்தினால் விட்டுக்கொடுப்பாள். முற்றத்தில் தனியாக உட்கார்ந்து உரிப்பாள், யாரையும் உட்காரச் சொல்ல மாட்டாள். “இன்னாம்மா இது, ஆளு மௌத்தான வூடு மாதிரி கீது” என்று பாய் என்னிடம் வருத்தப்பட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காலையில், வேண்டுமென்றே அவள் தவலையைக் காலால் நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்தேன். தவலைக்குப் பக்கத்தில் ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே வைத்தேன். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. “என்னக்கா முறைக்கிறே?” என்று நானே ஆரம்பித்தும் வைத்தேன். அவள் முறைக்கவே இல்லை.

“புடிச்சிக்க டீச்சர். உனக்கு ஸ்கூலுக்கு நேரமாவும்” என்றாள்.

நான் குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். சண்டை போட மாட்டேன் என்று ஒருத்தி சொன்னதற்காக அழுதேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் கூடை வந்தது. அவள் முற்றத்தில் உட்கார்ந்தாள். நான் குழந்தையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நேரே போய், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்தோணியை எழுப்பினேன்.

“கூடை நிறைய வந்திருக்கு. உரிக்க ஆள் இல்லை, வா.”

“பேசறதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“உன்னைப் பேசச் சொல்லலை. உரிக்கச் சொன்னேன்.”

வந்து உட்கார்ந்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. நான்தான் ஒரு கை அள்ளி அவன் முன்னால் போட்டேன். எனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் தலை கிள்ளும் சத்தம் மட்டும்தான். சரக்கு ரயில் ஒன்று முழுசாகப் போய் முடிந்தது.

“அங்க இன்னாத்த துன்னுவே?” என்று கேட்டாள் அக்கா, இறாலைப் பார்த்து.

“பண்டாரிகூடத்தானேம்மா இருப்பேன். ஆக்கறதே நாங்கதான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு அந்தோணி, மேடையில் ஒரு நாளும் கேட்காத ஒரு குரலில், சொல் தேடித் தேடிப் பேசினான்.

“அன்னிக்கு ஒண்ணு சொல்லாம உட்டுட்டேன். தெனம் கொடி காட்டி சரக்கு ஏத்தறேன். ஒவ்வொரு கப்பலு கெளம்பும்போதும், இது அந்த ஊரு பக்கம் போவுமான்னு தோணுது. அப்பா எறங்கின ஊரு. தேடி கண்டுபுடிக்கலாம்னு இல்லம்மா. அந்த எடத்துல ஒரு தபா எறங்கி நின்னு பாக்கணும். அவ்ளோதான்.”

“இத்த இன்னாத்துக்கு அன்னிக்கு சொல்லலை?”

“இது பாயிண்ட் இல்லியேம்மா.”

அக்கா கையிலிருந்த இறாலை முழுசாக உரித்துப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள், எடுத்தபடியே வைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா போமாட்டேன்னுதான் சொன்னாரு” என்றாள்.

அந்தோணி நிமிர்ந்து பார்த்தான். எனக்கும் அது புதிதுதான். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

“ஒரு பயணம் போயிட்டு வந்துட்டு, இனிமே வாணாம்னாரு. வாசப்படில நின்னுகினு ஒண்ணொண்ணா சொன்னாரு. வவுத்த பெரட்டுதுன்னாரு, புள்ளய உட்டுட்டு இருக்க முடியலைன்னாரு. நீ மடில கீறே. நான் ஒண்ணொண்ணுக்கும் பதிலு வெச்சிருந்தேன். உனக்கு அந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சே? வெரல வுட்டு சொன்னேன். கடைசில அவுராண்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. பெட்டிய எடுத்துகினு பூட்டாரு. நான் ஜெயிச்சிட்டேன்னு உள்ள போயி சோறு போட்டு துன்னேன். நல்லா துன்னேன்.”

வைத்துக்கொண்டிருந்த இறாலின் தலையை அப்போதுதான் கிள்ளினாள்.

“அவுரு ஒத்துக்கலை நைனா. தோத்தாரு. தோத்துட்டு போனவரு இன்னாத்துக்கு திரும்பி வருவாரு?”

அந்தோணிக்குக் கண்ணீர் வழிந்தது. கையெல்லாம் இறால், துடைக்க முடியவில்லை. “நான் சொன்னது தப்புமா. அந்தக் கொயாண்ட சொன்னது. நான் போகலைம்மா” என்றான்.

“அத்த இப்போ சொல்லாதே” என்று அதட்டினாள் அக்கா. அவள் முகமும் நனைந்திருந்தது, தோளில் தேய்த்துக்கொண்டாள். “நான் அயுவுறேன்னு நீ போகலைன்னா அதுவும் நான் ஜெயிச்சதாத்தான் ஆவும். எனக்கு வாணாம். கூடைல இன்னும் கீது. உரி.”

உரித்தார்கள். நானும் உரித்தேன். எங்கே சட்டை துவைப்பான், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், கப்பலில் பூசைக்கு என்ன வழி என்று அவள் கேட்டாள். அவன் தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். அவன் வாயில் தெரியாது என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பயமா இருக்குதா என்று கேட்டாள். இருக்குது என்றான். இனி கப்பலிலேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் எண்ணியிருந்ததாகவும், இப்போது அப்படித் தோன்றவில்லை என்றும் சொன்னான். ஒரு பயணம் போகட்டும் என்றாள் அவள். அந்த ஊரில் கப்பல் நின்றால் இறங்கிப் பார்க்கட்டும்.

“எறங்கினா ஏறணும். அவ்ளோதான் நான் கேக்கறது.”

“ஏறுவேம்மா.”

“ஒத்துக்கினியா, இல்ல தோத்தியா?”

“ஒத்துக்கினேன். நீ?”

கூடையில் ஒன்றிரண்டு இறால்தான் பாக்கி. அக்கா அவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, படிகாரச் சட்டியை அவன் பக்கம் தள்ளினாள். “ஒத்துக்கினேன்” என்றாள்.

கிளம்பிய அன்று துறைமுக வாசல்வரை நாங்களும் போனோம். அக்கா அவன் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை வரைந்தாள். காலையில் உரித்துவிட்டு வந்த கை. “மூணு மாசத்துக்கு இந்த வாசன போவாதும்மா” என்று அவன் சிரித்தான். அவள் பெரிதாகத் திட்டி அனுப்பினாள். அவன் போகிறவரைக்கும் அழவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்தோணி வந்துவிட்டான். அந்த ஊரில் கப்பல் நின்றதாம். இறங்கினானாம். கரையோரத்துக் கடையில் ஒரு டீ குடித்தானாம். சங்கு ஊதியதும் ஏறிவிட்டானாம். “நல்ல ஊரும்மா” என்று மட்டும் அவளிடம் சொன்னான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. பழையபடி கொடி காட்டப் போனான், படிப்பகத்தில் பழையபடி ஜெயித்தான்.

ஆனால் அது பிறகு. அவன் கப்பலேறிய மறுநாள் காலையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? விடிய விடிய அக்கா வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கனத்த மனசோடு குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அழும் குழந்தையைப் பார்க்க உள்ளே போய்த் திரும்பினேன்.

என் குடம் சுவரோரமாகப் படுத்திருந்தது.

தவலைக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. புடவையை ஏற்றிச் செருகியிருந்தாள்.

“எத்தினி தபா சொல்றது டீச்சர்? கொடத்த வெச்சா போதாது. கொடத்தாண்ட ஆளும் நிக்கணும்.”

ஒரு நிமிஷம் அவளையே பார்த்தேன். பிறகு நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “உனக்கு உடம்புத் திமிரு அக்கா” என்று ஆரம்பித்தேன். படிச்ச திமிரு என்றாள். பெரம்பூரை இழுத்தாள். நான் தவலையை இழுத்தேன். ஜன்னல்களில் ஒவ்வொரு தலையாக வந்தது. பாய் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்று சிரித்தார். என் குரல் அழுகையில் உடைந்தபோதெல்லாம் அக்கா கொஞ்சம் நிறுத்தி, நான் சுதாரித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, மறுபடியும் கத்தினாள்.

அன்றைக்கு என்னவோ தண்ணீர் வெகுநேரம் வந்தது.